தங்கபாயுடைய ஆள்

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். கூட வர ஆளில்லாதவள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு முதல் தடவை ஆப்பரேஷன் தேதி வந்தபோது மாற்றுச் சேலை, டம்ளர், பாய் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, நானே போய் வார்டு வாசலில் நின்றேன். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரம் போகும். அந்தத் தேதிக்காக ஓர் ஓணத்திலிருந்து அடுத்த ஓணம் வரைக்கும் காத்திருந்தேன்.

வார்டில் அன்றைக்கு இருந்த நர்ஸின் பெயர் அஜிதா. என் சீட்டைப் பார்த்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கூடெ ஆராணு?"

"ஒருத்தரும் இல்ல சிஸ்டர். நான் நடந்துதான வந்திருக்கேன்."

"நடந்நு வந்நா மதியோ? ஆப்பரேஷன் கழிஞ்ஞா ஆரு நோக்கும்? பைஸ்டாண்டர் இல்லாதெ அட்மிட் செய்யான் பற்றில்லா."

பைஸ்டாண்டர் என்றால் துணைக்கு நிற்கிற ஆள்; அது இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கட்டிலில் ஒருவர் படுத்தால் கட்டிலுக்குக் கீழே ஒருவர் பாய் விரிக்க வேண்டும். வெந்நீர் பிடிக்க, கஞ்சி வாங்க, மருந்துக்கடைக்கு ஓட, ஆப்பரேஷன் முடிந்தவளைப் புரட்டிப் படுக்க வைக்க எல்லாம் அந்த ஆள்தான். பெண்கள் வார்டு என்றால் அந்த ஆளும் பெண்ணாக இருக்க வேண்டும். அஜிதாவைக் குற்றம் சொல்ல முடியாது, இரண்டு நர்ஸுகள் அத்தனை கட்டிலுக்கும் எங்கே ஓடுவார்கள். இதெல்லாம் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். தேதி போயிற்று.

நான் மாடம்மாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு இந்த மலையாள ஊருக்கு வந்தவள். சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்தக் கடை ஒன்றில் காம்பு கிள்ளுகிறேன். வீட்டுக்காரர் அதே கடையில் மூட்டை தூக்கினார், போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கடைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் நானும் ஒரு டிவியும். கடையில் நாள் முழுக்கத் தும்மலும் பேச்சுமாகப் போய்விடும். கதவைத் திறந்து வீட்டுக்குள் காலை வைக்கும்போதுதான் இருக்கிறது கஷ்டம். டிவியைப் போட்ட பிறகுதான் செருப்பையே கழற்றுவேன்.

ஒரு மகன் உண்டு, பேச்சிமுத்து. திருப்பூரில் பேக்கரியில் வேலை. போன் போட்டுச் சொன்னேன்.

"யம்மா, பொம்பள வார்டுல என்னைய விடமாட்டாங்கள்ல. ஒம் மருமகளுக்கு இது பிள்ளைபெறுற மாசம் வேற. நீ அங்கனயே யாரையாச்சும் பாரேன்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. பொய் சொல்லியிருந்தால் நாலு வசவு வைதுவிட்டு மனசு ஆறியிருப்பேன். கடையில் கூட வேலை பார்க்கிறவளுகளிடம் கேட்கலாமென்றால், ஒரு வாரம் லீவு போட்டால் அவளுகள் வீட்டில் அடுப்பெரியாது. எனக்காக ஒருத்தியின் கூலியைக் கெடுக்க வாய் வரவில்லை.

மறுபடியும் ஓ.பி. டிக்கெட், மறுபடியும் பெஞ்சு. விடிந்ததும் போய் உட்கார்ந்தால் டாக்டரைப் பார்க்க மத்தியானம் ஆகும். அந்தப் பெஞ்சில்தான் தங்கபாயைப் பார்த்தேன். பாறசாலைப் பக்கம், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. வயிற்றுக் கட்டிதான் அவளுக்கும், என்னுடையதைவிடப் பெரியது. எழுந்து நின்றால் அஞ்சாறு மாசம் போலிருக்கும். முதல் பேச்சே சண்டைதான். அவள் பையை வைத்து எனக்கு இடம் விடவில்லை.

"பையிக்குமா வயித்துல கட்டி? எடுங்கக்கா" என்றேன்.

அவள் பையை எடுக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒத்தைக்குத்தான் வந்தியா?"

"ஆமா."

"நானும்தான். அதான் பையை வச்சேன். பக்கத்துல ஆளிருக்கிய மாதிரி தோணுமே." பிறகு பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவளுடைய மகன் அனூப் கல்ஃபில் இருந்தான், மருமகளும் அங்கேதான். ஆள் இல்லாமல் அவளும் ஒருமுறை வார்டு வாசலிலிருந்து திரும்பியவள். அது தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் பாவம். இந்த உலகத்தில் நான் மட்டும் இப்படி இல்லை என்று ஒரு நிம்மதி.

யோசனை அவளுடையது. "நான் பறையியது கேளு பிள்ளே. உனக்கு ஆளில்ல, எனக்கும் ஆளில்ல. எனக்க ஆப்பரேஷனுக்கு நீ நில்லு, உனக்க ஆப்பரேஷனுக்கு நான் நிக்கியேன். தேதி வேற வேறதானே வரும்."

டாக்டரம்மா ரெனி என்று ஒரு சின்னப் பெண், படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவள். தூக்கம் கெட்ட கண், ஆனால் சிரித்த முகம். "ஆப்பரேஷனுக்குக் கூடெ நில்க்கான் ஆருண்டு?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கபாய் பின்னாலிருந்து, "நான் இவளுக்க அக்கா" என்றாள்.

டாக்டர் என் நெற்றித் திருநீற்றையும் அவள் கழுத்துச் சிலுவையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஸ்வந்தம் சேச்சியா?"

"ஒரே வயிறு. நான் கல்யாணத்துக்குப் பொறவு வேதத்துல கூடினேன்."

நானும் தலையை ஆட்டினேன். சொந்தக்காரி என்றால்தான் ஆளாக எழுதுவார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு சட்டமும் கிடையாது, சிநேகிதி என்றாலே போதும் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆளில்லாதவளுகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தங்கபாய் மூன்று தலைமுறையாக வேதக்காரி. பொய் சொன்னதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாளாம். "உனக்குஞ் சேர்த்துக் கேட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பது கொஞ்சம் மாறியது. ஓ.பி. நாளை ஒரே கிழமையாக வாங்கிக்கொண்டோம். முதலில் வருகிறவள் இடம் பிடிப்பாள். அவள் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுவருவாள், நான் கடையிலிருந்து நல்ல வற்றலாகப் பார்த்துச் சம்மந்தித் துவையல் அரைத்துக் கொண்டுபோவேன். சாயங்காலம் டிவி போடுவதற்கு முன்னால் போன் அடிக்கும்.

"செத்துப் போயிட்டியா, இருக்கியாட்டி?"

"நீ போன பொறவுதான் போவேன். நீதான மூத்தவ."

இதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். போனை வைத்த பிறகு வீடு பழையபடி ஆகிவிடும். ஆனாலும் என்னைத் தேடிக் கூப்பிட ஒரு குரல் இருந்தது. அதற்காகவே கூடத் தேதி தள்ளிப் போகட்டும் என்று சில நாள் நினைத்திருக்கிறேன். உதிரம் போகிற நாளில் சாக்கு மேல் உட்கார முடியாமல் நின்றுகொண்டே காம்பு கிள்ளும்போது, அப்படி நினைத்ததற்கு என்னையே வைதுகொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆக வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். நான் நேரே பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் எறிந்துவிட்டு, அங்கேயே நின்று தங்கபாய்க்குப் போன் போட்டேன்.

"எக்கா, தேதி வந்துட்டு. திங்கக்கிழம."

அந்தப் பக்கம் போனைக் கை மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கும் இப்பந்தான் விளிச்சாவ. திங்கக்கிழமைதான்" என்றாள்.

சரி, ஒருத்திக்குச் செவ்வாய், இன்னொருத்திக்கு ஒரு வாரம் கழித்து இருக்கும், போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒருத்திக்கொருத்தி சமாதானம் சொல்லிக்கொண்டோம். திங்கட்கிழமை வார்டுக்குப் போனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். டாக்டர் ரெனி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சேச்சியும் அனியத்தியும் இத்ர நாளாயி காத்திருக்குந்நு. ரெண்டு பேரையும் ஒரே திவசம் லிஸ்டில் போடணும்னு நான் பெரிய டாக்டரோடு கெஞ்சி வாங்கி. இனி வீட்டில் உள்ளவர்க்கு ரெண்டு தடவை அலைய வேண்டல்லோ. ஒரே செலவு, ஒரே ஆள் மதி."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. இந்தப் பெண் எங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறாள். நாங்கள் அக்கா தங்கச்சியாக இருந்திருந்தால், வீடென்று ஒன்று இருந்திருந்தால், இதைவிட நல்லது யாரும் செய்ய முடியாது.

அஜிதா வந்து பாஸ் எழுத உட்கார்ந்தாள். "ஆள் எவிடெ?" என்றாள். தங்கபாய் என்னைக் காட்டினாள். நான் தங்கபாயைக் காட்டினேன். அஜிதா பேனாவை மூடிவிட்டு, "மூணாமத்தெ ஆள்?" என்றாள். மூன்றாவது ஆள் இல்லை. அதற்குமேல் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னோம். டாக்டர் ரெனியின் முகம் வாடியதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"கள்ளம் பறஞ்ஞதெந்தினா? சிநேகிதின்னு பறஞ்ஞா போராயிருந்நோ?" என்று அஜிதா தலையில் அடித்துக்கொண்டாள். சிநேகிதி என்றாலே போதும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "ஒராள்க்கு இடம் உண்டு. மற்றெ ஆள் நில்க்கணும். ராவிலெ எனிக்கு ஒரு பேர் பறயணும்." விடிந்ததும் இரண்டில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமாம்.

தங்கபாயின் கட்டிலில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் சொல்லட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எக்கா, சாமியை எதுக்கு இழுக்கே? என் மொகத்தப் பாத்துப் பேசு."

"நீயே சொல்லு."

"நான் ஒருக்கா திரும்பிப் போனவ."

"நானும்தான் போனேன்."

"எனக்கு உதிரம் நிக்கவே இல்ல. இதுக்கு மேல என்னால முடியாது. இந்த வாட்டி நான் போகமாட்டேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சொன்னதை மாற்றவும் மனசில்லை.

தங்கபாய் சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். "சரி. நீ செய்யி. நான் நிக்கியேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

காலையில் அஜிதாவிடம் என் பெயரைச் சொன்னாள். பச்சைச் சட்டையை எனக்குக் கொடுத்தார்கள், நான் உடுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். ஆப்பரேஷனுக்குத் தேவையான நூல், ஊசி, கையுறை எல்லாம் வெளியே மருந்துக்கடையில் வாங்கி வரச் சொல்லி அஜிதா ஒரு சீட்டைத் தங்கபாய் கையில் கொடுத்தாள். மூன்று மாடி இறங்கி, ரோட்டைத் தாண்டி, திரும்ப ஏறி வர வேண்டும். லிஃப்ட் டிராலிகளுக்குத்தான். தங்கபாய் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

போனவள் வரவில்லை. அஜிதா இரண்டு தடவை வந்து கேட்டாள். மூன்றாவது தடவை, "சேச்சி எவிடெப் போயி? உங்களெ இப்ப விளிக்கும்" என்றாள். எனக்குள்ளே ஒரு கெட்ட நினைப்பு. கோபத்தில் பஸ் ஏறி ஊருக்கே போய்விட்டாளோ? அந்தப் பச்சைச் சட்டையோடு படிக்கட்டுக்கு ஓடினேன்.

ஒரு மாடி இறங்கினதும் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகம் வெளுத்து வியர்த்து வழிந்தது. மருந்துப் பை மடியில் பத்திரமாக இருந்தது. ஜனங்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறியும் இறங்கியும் போனார்கள்.

"இந்தா வாறேன். இத்திரி மூச்சு வாங்கிட்டு வாறேன்" என்றாள். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "கோவப்படாதே பிள்ளே. ஏறிருவேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இவளால் நிற்க முடியாது. இன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே முடியாது. அத்தனை பெரிய கட்டியைச் சுமந்துகொண்டு என்னை எப்படிப் புரட்டுவாள், எப்படி வெந்நீர் தூக்குவாள்? இத்தனை நாளாக இடம் பிடித்ததும், சாயங்காலம் போன் பேசியதும், எனக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியதும் எல்லாம் இந்தப் படிக்கட்டு வரைக்கும்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவளைவிட்டால் எனக்கும் யாரும் இல்லையே.

"காலைல ஏதாச்சும் சாப்பிட்டியாக்கா?"

"இல்ல. நீ சாப்பிடாம கெடக்கும்போ எனக்கெப்படி இறங்கும்? வெள்ளங்கூடக் குடிக்கல்ல."

எனக்காகச் சாப்பிடாமல் இருந்தாளா, ஆப்பரேஷன் கடைசி நேரத்தில் தனக்கு வாய்த்துவிடாதா என்று வெறும் வயிறாக இருந்தாளா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

"எழும்பு. நீ வந்து படு."

"நீ?"

"நான் மாடி ஏறுவேன்ல."

அவள் அழுதாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

மருந்துப் பையை அஜிதாவிடம் கொடுத்து, தங்கபாயின் பெயரை எழுதச் சொன்னேன். டாக்டர் ரெனி வந்து தங்கபாயின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்றாள். நான் பச்சைச் சட்டையைக் கழற்றிச் சேலை கட்டிக்கொண்டேன். என் சட்டையைத்தான் தங்கபாய்க்குப் போட்டார்கள். வயிற்றுப் பக்கம் முடிச்சு எட்டவில்லை.

"எனிக்கு இனி எப்போழா?" என்று அஜிதாவிடம் கேட்டேன்.

"விளிக்கும்" என்றாள். பிறகு, "ஆளெக் கொண்டுவரணும் கேட்டோ" என்று குரலை இறக்கிச் சொன்னாள்.

ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு கூட்டமே நின்றது. அம்மாவுக்கு மகள், மருமகளுக்கு மாமியார், எல்லோர் கையிலும் பிளாஸ்கும் போர்வையும். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், ஒரு பெயரைக் கூப்பிடுவார்கள், மற்றவர்கள் உட்காருவார்கள். என் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. துணி நனைந்துகொண்டிருப்பது தெரிந்தது. மாற்றப் போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. முகமூடி போட்ட ஒரு நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள்.

"தங்கபாயுடெ ஆளுண்டோ?"

"உண்டு" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"குழப்பமில்லா. நல்லபடி கழிஞ்ஞு. கொறச்சு நேரத்தில் வெளியில் கொண்டுவரும்." பிறகு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். "இது தாழெ லேபில் கொடுக்கணும். சூக்ஷிச்சுப் பிடிக்கணே."

வெளியே எடுத்ததைச் சோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஆளின் வேலைதான். பாத்திரம் கனமாக இருந்தது, மருந்து வாடை அடித்தது. முந்தானையால் மூடி, இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே நீளமான வராந்தா. எதிரே வருகிறவர்கள் வழிவிட்டார்கள். பாதி தூரத்தில் முந்தானையை விலக்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். தண்ணீருக்குள் சிவப்பும் வெளுப்புமாக, ஒரு தேங்காய் அளவுக்கு, அசையாமல் கிடந்தது. அருவருப்பு வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவளைவிட்டு அது போய்விட்டது. என்னுடையது எனக்குள்ளேயே இருக்கிறது. அடுத்தவளுடைய கட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, நட்டநடு வராந்தாவில் நின்று அழுத பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

லேபில் இருந்த பையன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு கையை நீட்டினான். பாத்திரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"விடு அம்மே" என்றான்.

விட்டேன். கை இரண்டும் வெறுமையாக இருந்தன. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போலிருந்தது, பெஞ்சும் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் இந்நேரம் மேலே கதவைத் திறந்து தங்கபாயுடைய ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினேன்.